அதே கதவை மறுபடியும் தட்டினால்தானே தெரியும்? வீட்டு வருமான செலவு ஆய்வு பற்றி

கொட்டாஞ்சேனை வாசுகி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக நாலு மாதமாக வீட்டு வருமான செலவு ஆய்வின் எண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இலங்கையின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் இந்த ஆய்வை 1980/81 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துகிறது. அதற்கு முன்பே, 1953 தொடக்கம், மத்திய வங்கி நுகர்வோர் நிதி ஆய்வு என்று ஒன்றை நடத்தி வந்தது. அது கடைசியாக நடந்தது 2003/04இல். ஆக, இந்த நாட்டின் அடுப்படிகளைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட கணக்கு கையில் இருக்கிறது. எனக்கு இது பெரிய சொத்தாகத்தான் தெரிகிறது.

இப்போது தோட்டத்துறை வறுமை வீதத்தை மட்டும் பாருங்கள். 1990/91இல் நூற்றுக்கு 20.5. 1995/96இல் 38.4. 2002இல் 30. 2006/07இல் 32. அடுத்த ஆய்வில், 2009/10இல், 11.4! மூன்றே ஆண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. 2016இல் 8.8.

என் மேற்பார்வையாளர் கேட்டது ஒன்றே ஒன்று. "2006இல் ஏழையாக இருந்த குடும்பங்களில் எத்தனை 2009இல் மேலே வந்தன?" எனக்குப் பதில் இல்லை. 2006/07இல் பேசிய வீடுகள் வேறு, 2009/10இல் பேசிய வீடுகள் வேறு. ஒவ்வொரு தடவையும் புதிதாக வீடுகளைத் தெரிந்தெடுக்கிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த குடும்பத்தின் நிலைமை மாறியதா, அல்லது அந்தக் குடும்பத்தின் பிள்ளை கொழும்புக்கு வந்து வேறு கணக்கில் சேர்ந்துவிட்டதா என்று இந்தத் தரவு சொல்லாது. இத்தனை ஆண்டுக் கணக்கு இருந்தும் ஒரு குடும்பத்தின் கதைகூட அதில் தொடர்ச்சியாக இல்லை. இதை எப்படிச் சமாளிப்பது?

எண்ணும் எழுத்தும் (தெஹிவளை)

வாசுகி, நீங்கள் முட்டிக்கொண்டு நிற்பது சரியான சுவர்தான். ஒவ்வொரு தடவையும் வேறு வீடுகளைப் பார்த்தால் ஊர் எப்படி மாறியது என்று தெரியும். குடும்பம் எப்படி மாறியது என்று தெரிய வேண்டுமானால் அதே குடும்பத்திடம் திரும்பிப் போக வேண்டும். இதைப் பேனல் ஆய்வு என்பார்கள். நான் தொடர் ஆய்வு என்றே சொல்கிறேன்.

ஏன் இது முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். கொட்டாஞ்சேனையில் பத்து அறை உள்ள ஒரு லொட்ஜ் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்பது அறைகளில் வருஷம் முழுக்க ஒரே ஆட்கள். பத்தாவது அறையில் வாரத்துக்கு ஓர் ஆள் மாறுகிறார். ஏதாவது ஓர் இரவு போய்க் கதவைத் தட்டினால், பத்துப் பேரில் ஒன்பது பேர் நெடுநாள் வாசிகள். ஆனால் வருஷக் கடைசியில் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் 61 பேர் தங்கியிருக்கிறார்கள், அதில் 52 பேர் ஒரு வாரத்தில் போனவர்கள். இரண்டு கணக்கும் உண்மை. வறுமையும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. அமெரிக்கத் தொடர் ஆய்வை வைத்து மேரி ஜோ பேன், டேவிட் எல்வுட் என்ற இருவர் 1986இல் காட்டியது இதுதான்: ஏதாவது ஒரு காலத்தில் வறுமையில் விழுந்தவர்களில் பெரும்பாலானோர் சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறார்கள், ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் ஏழையாக இருப்பவர்களில் பெரும்பாலானோர் நெடுங்காலம் அதிலேயே கிடப்பவர்கள். முதல் கூட்டத்துக்கு மூன்று மாதம் கைகொடுத்தால் போதும். இரண்டாவது கூட்டத்துக்கு அது போதாது. ஒருதடவை மட்டும் கதவைத் தட்டுகிறவருக்கு எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியாது.

அந்த அமெரிக்க ஆய்வு 1968இல் சுமார் 4,800 குடும்பங்களோடு தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இன்றும் நடத்துகிறது. பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனால் அந்தப் புது வீட்டுக்கும் போகிறார்கள். அதனால் பாட்டி, மகள், பேத்தி என்று ஒரே கொடியில் மூன்று தலைமுறைக் கணக்கு. ஜெர்மனியில் 1984இல் தொடங்கினார்கள். அங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: முதல் வருஷமே துருக்கி, கிரேக்கம், யூகோஸ்லாவியா, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களை அவர்களுடைய விகிதத்தைவிடக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சிறு கூட்டம் பெரிய சராசரிக்குள் கரைந்து போகக்கூடாது என்பதற்காக. மலையகத்தை நினைத்துக்கொண்டு இதை வாசியுங்கள்.

ஹற்றன் பிள்ளை (புறக்கோட்டை)

வாசுகி அக்கா, நீங்கள் சொன்ன 32லிருந்து 11.4ஐ நான் வேறு பக்கத்திலிருந்து பார்த்தவன். 2008இல் பதினேழு வயதில் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வந்தேன். எங்கள் லயத்தில் பத்து வீடு. அடுத்த இரண்டு வருஷத்தில் ஆறு வீடுகளிலிருந்து ஒருத்தராவது கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருந்தோம்.

2009இல் தோட்டத் தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் கூடியது உண்மை. அம்மாவின் கையில் அது தெரிந்தது. ஆனால் வீட்டில் சாப்பிடும் வாய் ஒன்று குறைந்ததும், மாதம் நான் அனுப்பிய காசும் அதே நேரத்தில்தான் வந்தது. கணக்கெடுப்பாளர் அன்று எங்கள் லயத்துக்கு வந்திருந்தால், வறுமையிலிருந்து மீண்ட வீடு என்றுதான் எழுதியிருப்பார். நான் அந்தக் கடையின் மேல்மாடியில் எட்டுப் பேரோடு பாய் விரித்துப் படுத்தது எந்தத் தாளில் வந்திருக்கும்? என்னையும் அம்மாவையும் ஒன்றாகத் தொடர்ந்திருந்தால்தான் அந்த மீட்சிக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்திருக்கும். எண் பொய் என்று நான் சொல்லவில்லை, அக்கா. அதில் பாதிப் பேர் இல்லை.

பழைய கணக்கெடுப்பாளர் (கிராண்ட்பாஸ்)

இளைப்பாறிவிட்டேன். இரண்டு சுற்று இந்த வேலையில் இருந்தவன் என்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். தரவு என்று நீங்கள் சொல்வது ஒரு கொப்பியிலிருந்து வருகிறது. அதை மறந்துவிடக் கூடாது.

2016இல் 25,000 வீடுகள், ஒரு தொகுதிக்குப் பத்து வீடு, 12 மாதமும் பரப்பி. பரப்புவது ஏன்? சித்திரைச் செலவு வேறு, ஆடி மாதச் செலவு வேறு. அப்புறம், வீடு என்றால் என்ன என்பதில்தான் முதல் சண்டை. ஒரே கூரை அல்ல, ஒரே உலை. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு வீடு. கிராண்ட்பாஸில் ஒரு வாசலுக்குள் மூன்று அடுப்பு இருக்கும். மாமியார் தனி அடுப்பு, ஆனால் ராத்திரிச் சாப்பாடு மகன் வீட்டில். இதை ஒன்றாக எழுதுவதா இரண்டாக எழுதுவதா என்று படிக்கட்டில் நின்று யோசித்திருக்கிறேன்.

சாப்பாட்டுக் கணக்கு ஏழு நாள். கொப்பியில் வீட்டுக்கார அம்மா எழுதுவார், அல்லது பிள்ளை எழுதும். இரண்டு சுண்டு அரிசி, அரைத் தேங்காய், ஒரு இறாத்தல் பாண், நெத்தலி நூறு கிராம் என்று வரும். சுண்டை நாங்கள் கிராமாக மாற்ற வேண்டும். ஒரு வீட்டில் மூன்றாம் நாள் போனபோது முதல் இரண்டு நாளும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. "ஒரே சாப்பாடா அம்மா?" என்று கேட்டேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முந்தநாள் சமைக்கவில்லை. வெறுமையாக விட்டால் நல்லாயிருக்காது என்று எழுதினேன்." அந்தப் பக்கத்தை அவர் முன்னாலேயே திருத்தினேன். பிளேன்டி, பாண் கால் இறாத்தல், அவ்வளவுதான் அன்றைய கணக்கு.

குடும்பத் தலைவர் வெளியே குடித்தது கொப்பிக்கு வராது. பெரிய பையன் வெள்ளிக்கிழமை கடையில் சாப்பிட்ட கொத்து ரொட்டி வராது. பெரிய கேற் போட்ட வீடுகளில் காவலாளியைத் தாண்டுவதே பாடு. அங்கே வருமானம் கேட்டால் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி தருவார்கள், எண் தரமாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கொப்பி வீண் போவதில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அரிசிக்கு எவ்வளவு பாரம், பஸ்ஸுக்கு எவ்வளவு பாரம் என்று முடிவு செய்வது இந்தச் செலவுக் கணக்குத்தான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8, உணவுக்கு 94.9 என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்ததே, அந்த எண்ணுக்குள் ஏதோ ஒரு அம்மா எழுதிய அரைத் தேங்காய் இருக்கிறது.

வன்னியிலிருந்து (வெள்ளவத்தை)

நீண்டகாலத் தரவு என்று சொல்லும்போது எங்களுக்கு ஒரு வலி இருக்கிறது. 1990/91, 1995/96, 2002 ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006/07இல் வட மாகாணமும் திருகோணமலையும் இல்லை. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. 25 மாவட்டமும் முதன்முதலாக ஒன்றாக வந்தது 2012/13இல்தான். அப்போது நாட்டின் வறுமை 6.7, முல்லைத்தீவு 28.8.

அதனால் 2002இல் 22.7ஆக இருந்தது 2012/13இல் 6.7ஆகக் குறைந்தது என்று யாராவது கோடு போட்டால், அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் ஒரே நாடு இல்லை என்று சொல்லுங்கள். என் குடும்பம் அந்த வருஷங்களில் எத்தனை இடம் பெயர்ந்தது, எத்தனை தடவை ஒன்றுமில்லாமல் தொடங்கியது என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. இனிமேல் திரும்பப் போய் எடுக்கவும் முடியாது.

போருக்குப் பிறகு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைக் குடும்பங்களை 2012இலும் மறுபடி 2015இலும் போய்ச் சந்தித்த ஓர் ஆய்வு நடந்தது. சிறியதுதான், ஆனால் அதே குடும்பங்கள். இங்கே முடியாது என்று சொல்கிறவர்களுக்கு அதைக் காட்டலாம்.

கொட்டாஞ்சேனை வாசுகி

எல்லோருக்கும் நன்றி. கணக்கெடுப்பாளர் ஐயா, அந்த வெறுமைப் பக்கத்தை வாசித்த பிறகு கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

ஒரு தவறான வாசிப்பை இங்கேயே திருத்திவிடுகிறேன். 2016இல் 4.1ஆக இருந்த வறுமை 2019இல் 14.3 ஆகிவிட்டது என்று முகநூலில் சுற்றுகிறது. அப்படி இல்லை. இடையில் வறுமைக் கோட்டையே புதிதாக வரைந்தார்கள். 2016இல் ஆளுக்கு மாதம் 4,166 ரூபாய், 2019இல் 6,966 ரூபாய். இந்த வித்தியாசம் விலையேற்றத்தால் மட்டும் வந்ததல்ல. பழைய கோடு 2002ஆம் ஆண்டு வாழ்க்கையை வைத்துப் போட்டது, புதியது 2012/13 செலவுப் பழக்கத்தை வைத்துப் போட்டது. தோட்டத்துறையில் 8.8 இருந்த இடத்தில் 33.8 வந்ததற்கும் இதுதான் பெரிய காரணம். பழைய கோட்டின்படி 2016இல் கொழும்பு மாவட்டத்தில் ஏழைகள் நூற்றுக்கு 0.9. அந்த 4,166 ரூபாயை வைத்துப் பார்த்தால், நாலு பேர் குடும்பம் 17,000 ரூபாயோடு கொழும்பில் ஒரு மாதம் இருந்தாலே கோட்டுக்குச் சற்று மேலே. இந்த நகரத்தில் வாடகை கொடுத்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட மாதம் என்று தெரியும்.

கொம்பனித்தெரு ஷிபா

நான் படித்தவள் இல்லை, தையல் வேலை செய்கிறேன். என் பக்கத்தையும் கேளுங்கள்.

நாங்கள் கொம்பனித்தெருவில் வரிசை வீட்டில் இருந்தோம். பொதுக்குழாய், பொதுக் கழிப்பறை. மெஷின் வாசலிலேயே இருக்கும். ரோட்டால் போகிறவர்கள் நின்று ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். பிறகு எங்களை மாடிவீட்டுக்கு மாற்றினார்கள். ஏழாவது மாடி. உள்ளேயே தண்ணீர், டைல் போட்ட தரை, கதவு பூட்டலாம். இதை எல்லாம் குறை சொல்லமாட்டேன், மகளுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பிளவுஸ் தைக்க ஏழு மாடி ஏறி யார் வருவார்? முதல் வருஷம் வருமானம் பாதிக்குக் கீழே போனது. மெஷினில் ஒன்றை விற்றேன்.

இப்போது ஒருவர் வந்து தரை என்ன, கூரை என்ன, கழிப்பறை எங்கே என்று கேட்டு எழுதினால், நாங்கள் முன்னேறிய குடும்பம். விற்ற மெஷினைப் பற்றி அவருக்கு யார் சொல்வது? முன்பு வந்தவரே வந்திருந்தால் கேட்டிருப்பார்: "இங்கே இரண்டு மெஷின் இருந்ததே?"

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுபடி மறுபடி வந்தால் நான் ஏன் கதவைத் திறக்க வேண்டும்? உதவிப் பட்டியல் என்று சொல்லி வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள், பெயர் வரவில்லை. நான் சொல்வதை வைத்து என் அஸ்வெசும உதவிப் பணத்தை வெட்டமாட்டார்கள் என்று யார் பொறுப்பு? ஒரு தடவை ஒருவர் வந்து சிங்களத்தில் மட்டும் கேட்டார். அந்த நேரம் அம்மாதான் வீட்டில். பாதியைத் தலையாட்டி அனுப்பிவிட்டார்.

எண்ணும் எழுத்தும்

ஷிபா அக்கா, நீங்கள் கேட்டதுதான் இந்த முழு வேலைக்கும் அடித்தளம். தொடர் ஆய்வில் ஆட்கள் விலகிப் போவதுதான் பெரிய நோய். அதுவும் யார் விலகுகிறார்கள்? வீடு மாறுகிறவர்கள், பிரிந்து போகிறவர்கள், கடனில் ஓடுகிறவர்கள். யாரைப் பற்றித் தெரிய வேண்டுமோ அவர்களே காணாமல் போகிறார்கள். அதனால் உதவிப் பட்டியலோடு இதைக் கலக்கவே கூடாது. பெயர் ஓர் இடத்தில், பதில் வேறோர் இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். கேட்பவர் உங்கள் மொழியில் கேட்க வேண்டும். முடிந்தால் அதே ஆளே திரும்ப வர வேண்டும்.

தையலைச் சொன்னதால் ஒன்று. 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் 600க்கு மேற்பட்ட சிறுதொழில்காரர்களைச் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் மாதங்கள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000, சிலருக்கு 20,000 ரூபாய் கொடுத்தார்கள். ஆண்களின் இலாபம் ஏறியது, பெண்களின் இலாபம் ஏறவில்லை. பெண்களுக்குத் தொழில் நடத்த வராது என்று சிலர் முடிவுகட்டப் பார்த்தார்கள். பல ஆண்டு கழித்து வேறு ஆய்வாளர்கள் இந்தியா, கானா தரவுகளோடு இதே இலங்கைத் தரவையும் எடுத்து வீட்டோடு சேர்த்துப் பார்த்தார்கள். கணவனுக்கும் தொழில் இருந்த வீடுகளில் மனைவிக்குக் கொடுத்த காசு கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. பெண் மட்டுமே தொழில் செய்த வீடுகளில் அந்தக் காசு ஆண்களுக்கு ஈடான பலன் கொடுத்திருந்தது. பழைய தாள்களைக் கவனமாக வைத்திருந்ததால்தானே அந்தப் பழி துடைக்கப்பட்டது.

இன்னும் ஒன்று, இது எங்கள் 2022 நெருக்கடிக்கு நேராக வருகிறது. இந்தோனேசியாவில் 1993இல் 7,224 வீடுகளோடு ஒரு தொடர் ஆய்வு தொடங்கியது. 1997இல் திரும்பப் போனபோது நூற்றுக்கு 94 வீடுகளைக் கண்டுபிடித்தார்கள். அத்தனை தீவுகளில்! உடனே ரூபியா சரிந்தது. அவர்கள் அடுத்த சுற்றுவரை காத்திருக்கவில்லை. 1998 கடைசியிலேயே கால்வாசி இடங்களுக்கு மறுபடி ஓடினார்கள். அதனால் நெருக்கடியை அதே குடும்பங்களின் முன்னும் பின்னும் வைத்துப் பார்க்க முடிந்தது. தங்கம் வைத்திருந்த வீடுகள் அதை விற்றுச் சாப்பாட்டைக் காப்பாற்றின. செலவை மிச்சம் பிடிக்க உறவினர்கள் ஒரே வீட்டில் சேர்ந்தார்கள். ஏழை வீடுகளில் மூத்த பிள்ளையின் படிப்பைக் காப்பாற்ற இளையவனின் பள்ளிச் செலவை வெட்டினார்கள்.

2022இல் செட்டியார் தெருவில் அடகுக்கும் விற்கவும் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தவன் நான். எந்த வீட்டுத் தாலிக்கொடி போனது, எந்த வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டது, யார் திரும்ப மீட்டார்கள்? 2019 ஆய்வு கொரோனாவுக்கு முந்தையது. 2022–23இல் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் 10,000 வீடுகளில் எடுத்த ஆய்வு, ஏழைகள் எழுபது இலட்சம் என்றது, 2019க்குப் பிறகு அதில் நாற்பது இலட்சம் பேர் புதிதாக விழுந்தவர்கள் என்றது. அது பெரிய வேலை. ஆனாலும் 2019இல் திணைக்களம் பேசிய அதே வீடுகளுக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது வேறு.

வாசுகி, உங்கள் ஆய்வுக்கு ஒரு வழி இருக்கிறது. அங்கஸ் டீட்டன் என்ற பொருளியலாளர் 1985இல் சொன்னது. ஆளைத் தொடர முடியாவிட்டால் பிறந்த வருஷத்தைத் தொடருங்கள். 1970–74இல் பிறந்தவர்கள் தலைமை தாங்கும் தோட்ட வீடுகளை ஒவ்வொரு ஆய்விலும் எடுத்து அவர்களின் சராசரியை வரிசையாக வையுங்கள். குடும்பம் தெரியாது, தலைமுறை தெரியும். ஹற்றன் தம்பி சொன்ன ஓட்டை மட்டும் அடைபடாது. இடம்பெயர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்து உதிர்ந்திருப்பார்கள். அதை ஆய்வில் வெளிப்படையாக எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசுகி

எழுதுகிறேன். தோட்டத்தில் பிறந்து இப்போது நகரத்தில் இருப்பவர்களையும் சேர்த்துப் பார்க்க முடியுமா என்று வினாக்கொத்தைத் தேடுகிறேன். முடியாவிட்டால் ஹற்றன் பிள்ளை சொன்னதைப் போன்ற வாழ்க்கைகளை நேரில் கேட்டு ஓர் அத்தியாயம் வைக்கலாம் என்று இருக்கிறேன். தம்பி, உங்களுக்குச் சம்மதமா?

ஐயா, ஒரு கேள்வி. மாறிப்போன வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

பழைய கணக்கெடுப்பாளர்

முகவரியை நம்பமாட்டேன். கிராம சேவகரிடம் கேட்பேன், ஆனால் அவருக்கு அடுத்ததாக, கடன்கொப்பி வைத்திருக்கும் கடைக்காரரிடம் போவேன். பாக்கி வைத்துவிட்டுப் போனாலும் எங்கே போனார்கள் என்று அவருக்குத் தெரியும். பிள்ளை எந்தப் பள்ளி, எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசல், ஊரில் யாருக்குக் காசு அனுப்புவார்கள், இதை முதல் நாளே எழுதி வைத்தால் பத்து வருஷம் கழித்தும் பிடிக்கலாம். ஷிபா மகளைத் தேட வேண்டுமானால் கொம்பனித்தெருவில் பிளவுஸ் தைக்கக் கொடுத்த பெண்களைக் கேட்டால் போதும்.

ஹற்றன் பிள்ளை

சம்மதம் அக்கா. அம்மாவிடமும் கேளுங்கள். அவர் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார். நான் சொல்வதும் அவர் சொல்வதும் ஒரே மாதிரி இருக்காது.

கொம்பனித்தெரு ஷிபா

ஐயா சொன்னது சரி, அவர்களுக்கு இப்போதும் என் நம்பர் தெரியும்.

வாசுகி தங்கச்சி, என்னிடம் அளவுக் கொப்பிகள் இருக்கின்றன. 2009இலிருந்து. அளவு, துணி, கூலி, யார் பாக்கி, எந்த மாதம் ஒன்றும் வரவில்லை, எல்லாம் திகதியோடு. வீடு மாறிய மாதத்தில் ஒரு பக்கம் வெறுமையாகவே இருக்கிறது. தேவையென்றால் வந்து பாருங்கள். கொப்பியை வெளியே கொடுக்கமாட்டேன், அதில் மற்றவர்களின் பெயரும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசுகி

பெயர்களை எழுதிக்கொள்ளமாட்டேன் அக்கா. ஞாயிறு காலை வரலாமா?

கொம்பனித்தெரு ஷிபா

பத்து மணிக்குப் பிறகு வாங்க.